கூப்பர் வம்சத்தின் கொடிக்கயிறு

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், அச்சில் களிமண் குழம்பை ஊற்றி ஆயிரக்கணக்கில் பொம்மைகளைப் பிறப்பித்துக்கொண்டிருந்த ஆல்பர்ட் கூப்பர், தன்னை ஒருநாளும் தொழிலாளி என்று எண்ணியதில்லை. ஏதோ சந்தர்ப்பவசத்தால் களிமண்ணில் கை வைத்துவிட்ட துரை என்றே எண்ணியிருந்தார். ஜங்ஷனில் தண்டவாளம் போட்ட காலத்தில் கூப்பர் என்ற வெள்ளைக்கார என்ஜினீயருக்கு அவருடைய தாத்தா குடை பிடித்தார். அந்த விசுவாசத்தில் தன் பிள்ளைக்குத் துரையின் பெயரை வைத்தார். பிள்ளை வழியாகப் பெயர் பேரனுக்கு வந்து சேர்ந்தது. குடையைப் பற்றிய பேச்சு மட்டும் வழியில் எங்கோ தவறிவிட்டது. மற்றவர்கள் இதைப் பெயர் என்பார்கள். ஆல்பர்ட், வம்சம் என்றார்.

வம்சத்தால் பலனும் இருந்தது. மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றத்தில், பங்குச்சாமியாருக்கு அடுத்தபடி கயிற்றைப் பிடிப்பது கூப்பர் வீட்டு உரிமை. வருடமெல்லாம் மண் அப்பியிருக்கும் அந்தக் கைகள், அந்தச் சில நிமிடங்களுக்காகவே சோப்புப் போட்டுத் தேய்க்கப்பட்டன.

2006இல் இதற்கு ஆபத்து வந்தது. இரும்புக்கடை வைத்திருந்த மைத்துனர் பாக்கியநாதன் ஒருநாள் கேட்டுவிட்டார்:

"ஏன் மாப்ள, கோயிலுக்கு ஷீட்டு, பைப்பு எல்லாம் நான் குடுக்குறேன். கயிறு மட்டும் ஒனக்கா? அப்படி என்னா பெரிய வம்சம்?"

"வா, காட்டுறேன்" என்று ஆல்பர்ட்டே அவரைக் கடைவீதி பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப்போனார். பல ராஜ்யங்கள் இப்படித்தான் கவிழ்ந்திருக்கின்றன.

"கயல்விழி, கூப்பருன்னு அடிம்மா. எங்க அரண்மனை போட்டோ வரும், ஒரு பிரிண்ட் எடு."

கம்ப்யூட்டரில் இருந்த கயல்விழி அடித்தாள். படித்தாள். ஆல்பர்ட்டை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி படித்தாள்.

"அரண்மனை எதுவும் வரலைங்க அங்கிள். மரத்துல பீப்பா செய்யறவங்களுக்கு அந்தக் காலத்துல வந்த பேருன்னு போட்டிருக்குது."

"கீழ பாரும்மா. எங்க ஆளுங்க ரொம்பக் கொஞ்சம் பேருதான் இருப்பாங்க."

"இங்கிலாந்துல மட்டும் லட்சத்துக்கு மேலங்க. அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் தனி."

பாக்கியநாதன் சிரிப்புத் தாங்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "லட்சம் பேரும் துரைன்னா, வேலை செய்யறது யாரு மாப்ள?"

ஞாயிற்றுக்கிழமை கோயில் காரியங்களை முடிவுசெய்யும் பங்குப்பேரவையில் கயிற்றுப் பிரச்சினையைக் கிளப்பப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு ஆல்பர்ட் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"பீப்பா செஞ்சா என்னா இப்போ? நீங்க பொம்மை செய்யலியா?" என்றாள் மனைவி உபகாரமேரி. ஒரு துரையை இதற்கு மேல் அவமானப்படுத்த முடியாது. ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை. "அந்தப் பீப்பாயில அப்படி என்னாதான் ஊத்தி வெச்சாங்களாம்?"

ஆல்பர்ட்டின் கை நின்றது. பிறகு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கயிற்றை வேறு வீட்டுக்கு மாற்ற வேண்டும் என்று பாக்கியநாதன் பேசி முடித்ததும் ஆல்பர்ட் எழுந்தார்.

"சாமி, பூசைக்கு என்னா வேணும்?"

"அப்பமும் திராட்சை ரசமும்" என்றார் பங்குச்சாமியார்.

"அந்தக் காலத்துல சீமையில ரசத்தை எதுல வெச்சாங்க? பிளாஸ்டிக் கேன்லயா?"

"பீப்பாயிலதான்."

"செஞ்சது யாரு? எங்க ஆளுங்க! பீப்பா இல்லன்னா ரசம் இல்ல, ரசம் இல்லன்னா பூசை இல்ல. இத்தினி நாளா வெறும் துரைன்னு அடக்கமா சொல்லிகிட்டு இருந்தேன், சாமி."

சாமியார் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு நெடுநேரம் இருமினார். கயிறு கூப்பர் வீட்டுக்கே என்று தீர்ப்பானது.

பாக்கியநாதன் லேசில் விடுகிறவரா? "சரிங்க சாமி. அப்ப திருவிழா முடியறவரைக்கும் தண்ணி டிரம்மெல்லாம் அவங்க வம்சமே பாத்துக்கட்டும்!"

பேரவை கைதட்டி ஏற்றுக்கொண்டது.

கொடியேற்றத்தன்று விடியலிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றிய ஆல்பர்ட், சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு வந்து கயிற்றைப் பிடித்தார். கொடி பாதி ஏறியிருந்தது. கூட்டத்திலிருந்து பாக்கியநாதன் கத்தினார்:

"மாப்ள, வாசல் கேட்டுகிட்ட இருக்குற டிரம்மு காலி!"

"கொடி உச்சிக்குப் போவட்டும், வரேன்!" என்றார் ஆல்பர்ட், கயிற்றை விடாமல்.