சத்தமில்லாமல் கிளம்பிய கார்

நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. மாமா புதுச் சட்டை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துக்கொண்டு நின்றார். மூலக்குளத்தில் எங்கள் பட்டறை வாசலில் அன்றைக்குப் பாதித் தெரு கூடியிருந்தது. எல்லாரையும் அவர்தான் கூப்பிட்டிருந்தார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் சாவியைத் திருப்பினார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எங்களைப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. காரின் சொந்தக்காரரோடு வந்திருந்த நண்பர் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஸ்டார்ட் பண்ணியாச்சா, இனிமேதானா?"

மாமா என்றால் என் அக்கா புருஷன். பதினொன்றாம் வகுப்போடு படிப்பு என்னைக் கைவிட்ட பிறகு, அவரிடம்தான் வெல்டிங் பிடித்தேன். அவரைப் போலத் தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படாத மனிதரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. "பாண்டிச்சேரியில பைப் வளைக்கறவன் நூறு பேர் இருக்கான். வளைவுல பைப்ப நசுக்காம வளைக்கறவன் யாருடா?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டியது என் வேலை. "நீதான் மாமா. உன் பக்கத்துல நின்னா எனக்கே பெருமையா இருக்குது, கொஞ்சம் தள்ளி நில்லு" என்பேன். கையில் இருப்பதை என்மேல் எறிவார். பெரிய கார் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் சென்டரில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டுத்தான் இந்தப் பட்டறையைத் தொடங்கினார். கார்களுக்கு எக்ஸாஸ்ட், அதாவது புகைக்குழாய், மாற்றிக் கொடுப்பது மட்டும்தான் இங்கே வேலை. ஆயில் மாற்றக்கூட மாட்டோம். அக்காவுக்கு அதில் சம்மதமில்லை. ஒரு பெரிய வண்டி நம் கையால் தயாராகி வெளியே போய்விட்டால் போதும், அதைப் பார்த்து மற்றது தானாக வரும் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் பெரிய வண்டிதான் இது. சொந்தக்காரருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாக, இருந்தவர். வீட்டில் பாதி பேர் பாரிசில், பாதி பேர் இங்கே. பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்லும் முசியே என்பதையே நான் அவருக்குப் பெயராக வைத்தேன், முதுகுக்குப் பின்னால்தான். முதல் நாள் வந்தபோது முசியே சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. "பவர் ஏறணும் பிரதர். நான் ரோட்ல போனா நாலு பேருக்குத் தெரியணும்." இரண்டு வாக்கியம். மாமா முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டார்.

மூடிக்கொண்டு அவர் செய்த வேலையைச் சொல்லியாக வேண்டும், அதையும் நான் சொல்லாவிட்டால் சொல்ல ஆளில்லை. டர்போ வைத்த எஞ்சின் அது. உள்ளே எரிந்த புகை வெளியே போகும் வழி எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு இழுவை கிடைக்கும். கம்பெனிக் குழாய் ஒடுக்கமாக இருந்தது, திருப்பத்துக்குத் திருப்பம் அமுங்கியும் இருந்தது. மாமா அதை முழுவதும் கழற்றிவிட்டு, அகலமான எவர்சில்வர் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு வளைவையும் உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் மறுபடி அறுத்து ஒட்டினார். "வண்டி மூச்சு விடணும்டா. கத்தக் கூடாது. கத்தறவன் எவனுக்காவது தெம்பு இருந்து பாத்திருக்கியா?" என்றார். அக்காவைச் சொல்கிறாரோ என்று கேட்டேன். அன்றைக்கும் ஏதோ ஒன்று பறந்து வந்தது. கடைசியில் மாட்டிய சைலன்சர் டப்பாவும் அவரே செய்தது. புகை நேராகப் பாய்ந்து போகும், சத்தத்தை மட்டும் சுற்றிலும் அடைத்த பஞ்சு குடித்துவிடும். சென்னைக்குக் கொண்டுபோய், காரை உருளைமேல் ஏற்றி ஓடவிட்டு எஞ்சின் சக்தியை அளக்கும் இடத்தில் அளந்தோம். வேலைக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை. நிஜமாகவே ஏறியிருந்தது. அங்கிருந்தவர்களே மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது திண்டிவனம் வரைக்கும் மாமா தன்னைப் பற்றியே பேசவில்லை. அவர் அப்படி இருந்தது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

முசியேவிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம், வண்டி அமைதியாகத்தான் இருக்கும் என்று. சொல்லவில்லை. பவர் கேட்டவனுக்குப் பவர்தான் வேண்டும் என்று நம்பிவிட்டார். அந்த மாதிரி முட்டாள்தனம் ரொம்பத் திறமை இருக்கிறவர்களுக்குத்தான் வரும்போல, எனக்கு வந்ததே இல்லை.

நண்பர் கேட்டதும் வாசலில் ஒரு சிரிப்பு எழுந்தது. இன்னொருவர், "எங்க வூட்டு மிக்ஸியே இதவிட கத்தும்டா" என்றார். டீக்கடைக்காரர் சிரித்தார். தெருப் பையன்கள் காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள், வெடிச் சத்தம் வரும் என்று. ஒருவன் மெதுவாக விரலை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான். முசியே கழுத்துவரை சிவந்துவிட்டார். மாமாவுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. "ஓட்டிப் பாருங்க சார், ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க" என்று சிரித்தபடியே இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார். முசியே வில்லியனூர் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். "போவுது பிரதர். நல்லாத்தான் போவுது. ஆனா போற மாதிரியே இல்ல" என்றார்.

அடுத்த வாரமே அந்த எக்ஸாஸ்ட்டைக் கழற்றிவிட்டு வேறு எங்கோ வேறொன்று போட்டுக்கொண்டார். அது எப்படிப்பட்டது என்று நாங்கள் போய்ப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. லாஸ்பேட்டையில் அவர் கியர் மாற்றினால் மூலக்குளத்தில் நாய் குரைத்தது. கூட வந்த நண்பர்களும் அங்கேயே போனார்கள். எங்கள் பட்டறையில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "உன் வண்டி நல்லா மூச்சு வுடுதுன்னியே. இந்த வூட்டுல யாரு மூச்சு வுடறாங்க, சொல்லு" என்று கேட்டாள். மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்தேன். சோறு நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

பிறகு எது எப்போது மாறியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு பையன் பைக்கைக் கொண்டுவந்து, சைலன்சருக்குள்ளே சத்தத்தை அடக்கும் தடுப்பை எடுத்துவிடச் சொன்னான். மாமா எடுத்துவிட்டார். அவன் நாலு பேரைக் கூட்டி வந்தான். அப்புறம் கார்கள். போலீஸ் இந்தச் சத்தக் குழாய்களைப் பிடுங்கி, ரோட்டில் வரிசையாகப் பரப்பி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும்போது, நாங்களும் போய் நின்று பார்ப்போம். அதில் பாதி எங்கள் வேலை. "மாமா, இவங்கதான் நமக்குப் பார்ட்னரு. இவங்க நசுக்க நசுக்க நமக்கு ஆர்டர்" என்றேன். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் நான் கிண்டல் செய்தால் எதையாவது எடுத்து எறிவார்.

போன மாசம் முசியே திரும்பி வந்தார். காரில் இழுவையே இல்லையாம், நண்பனுடைய வண்டி ஈசிஆரில் ஒவ்வொரு ஞாயிறும் முந்திப் போகிறதாம். ஆனால் சத்தம் குறையக் கூடாது. காரைத் தூக்கி நிறுத்திவிட்டு நானும் மாமாவும் அடியில் போய்ப் பார்த்தோம். பின்பக்க அச்சைத் தாண்டும் இடத்தில் குழாய் மிதித்த டப்பா மாதிரி நசுங்கியிருந்தது. வளைக்கத் தெரியாமல் வளைத்தது. என் கண்ணுக்கே தெரிந்தது என்றால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும். அதை மாற்றினாலே போதும், இழுவை வந்துவிடும். மாமா அந்த வளைவில் ஒருமுறை விரலை வைத்தார். எடுத்துவிட்டார். பிறகு என் கையிலிருந்து கட்டரை வாங்கி, கடைசியில் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்த சின்ன டப்பாவை அறுத்து எறிந்தார். அந்த இடத்தில் பளபளவென்று இரண்டு வாய்க் குழாயை வைத்து ஒட்டினார். நசுங்கிய வளைவை அப்படியே விட்டுவிட்டார்.

"இப்ப பாருங்க சார், பிக்கப் எப்படி இருக்குதுன்னு" என்றார்.

முசியே கிளம்பியபோது எங்கள் தகரக் கூரை அதிர்ந்தது. டீக்கடையில் எல்லாத் தலையும் திரும்பியது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்து இறங்கினார், முகமெல்லாம் சிரிப்பு. "சும்மா பறக்குது பிரதர். அப்படியே இழுக்குது. இதத்தான் நீங்க அன்னிக்கே செஞ்சிருக்கணும்" என்று மாமாவின் தோளைத் தட்டினார்.

மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு எனக்குத் தொழில் தெரியாது சார்."

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அங்கே இல்லை.