கூவாத காய்கறிக்காரன்

தெரு முனை வந்ததும் கண்ணையன் வண்டியை அணைத்துவிடுவான். இரண்டு பக்கமும் கூடை, முன்னால் ஒரு சாக்கு. இத்தனை பாரத்தோடு மொபெட்டை அங்கிருந்து தள்ளிக்கொண்டுதான் வருவான். கூவ மாட்டான். மணி அடிக்க மாட்டான்.

காய்கறிக்காரன் என்றால் கூவித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? நெய்வேலி டவுன்ஷிப்பில் காலை ஒன்பது மணி எல்லோருக்கும் காலை இல்லை. இரவெல்லாம் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் கண் விழித்து வந்தவர்களுக்கு அது நடுச்சாமம். எந்த வாசலில் பூட்ஸ் கிடக்கிறது, எந்தக் கேட்டில் பேப்பர் எடுக்காமல் செருகியபடி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவான். அந்த வீடுகளைக் கடக்கும்போது அவன் செருப்புகூடச் சத்தம் போடாது. சட்டைப் பையில் சின்ன எண்ணெய்ப் புட்டி ஒன்று இருக்கும். கிறீச்சிடுகிற கேட்டாக இருந்தால் கீலுக்கு இரண்டு சொட்டு விட்ட பிறகுதான் திறப்பான்.

"நானும் பதினஞ்சு வருஷம் பகல்ல தூங்கனவன்தாங்க. கண்ணு சொருகற நேரம் பாத்து ஒருத்தன் வெங்காயம் வெங்காயம்னு கத்திக்கினு வருவான். எழுந்து போயி அவன் கூடையிலயே படுத்துக்கலாமான்னு இருக்கும்" என்பான்.

அவன் ஊர்ப் பக்கத்து வயல்கள் சுரங்கத்துக்குப் போனபோது நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தை இழந்தார்கள். கண்ணையன் குடும்பத்துக்கு இழக்க நிலம் இல்லை. களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் இருந்த இடம் போயிற்று. அப்புறம் கான்ட்ராக்டில் நைட் ஷிப்ட் வேலை. முழங்கால் மறுத்துவிட்ட நாளில் அதையும் விட்டுவிட்டு இந்த வண்டியைப் பிடித்தான்.

அவன் காய் எதுவும் மார்க்கெட்டிலிருந்து வருவதில்லை. "மார்க்கெட் காயி மூணு நாளு லாரியில தூங்கிக்கினு வருது. நம்ம காயி நேத்து ராத்திரி மரத்துல தூங்கனது" என்பான். குவார்ட்டர்ஸ்களின் கொல்லைப்புறம்தான் அவன் கழனி. எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்தவர்கள் ஆளுக்கொன்றாக வைத்த மரங்கள். ஒரு கொல்லையில் நார்த்தை, ஒன்றில் சுண்டை, இன்னொன்றில் ஆறு பேர் வந்தாலும் தின்று தீராத பலா. கேட்டில் பை நிறைந்து தொங்கினால் அந்த வீட்டில் மிச்சம் என்று அர்த்தம்; வெறும் பை தொங்கினால் தேவை. வாழைப்பூ கொடுத்தவர்கள் எலுமிச்சை எடுத்துக்கொள்வார்கள். கொடுக்க ஒன்றும் இல்லாதவர்கள் காசு கொடுப்பார்கள். திரும்பும்போது காய்த்தோலை வாங்கிப் போவான். அது மந்தாரக்குப்பத்தில் அவனுடைய வாடகை வீட்டுப் பின்னால் நிற்கும் மூன்று ஆடுகளுக்கு. அந்த ஆடுகளின் புழுக்கை வாரம் ஒரு முறை சாக்கில் ஏறி, காய் கொடுத்த மரங்களின் அடிக்கே வந்து சேரும்.

இத்தனைக்கும் நடுநாயகம் ஒரு முருங்கை. சிவப்பிரகாசம் என்கிற பெரியவர் வைத்தது. அவர் ரிட்டயர்டு ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து போனார். மரத்தைக் காலி செய்ய முடியுமா? பதினோரு வீட்டுக்குக் கீரையும் பங்குனி பிறந்தால் காயும் அதிலிருந்துதான் போகிறது. பக்கத்துத் தெருத் திலகவதியின் மகள் மாசமாக இருந்தபோது அவளுக்கு ரத்தம் குறைவு என்றார்கள். ஒரு நாள் விடாமல் அவள் வீட்டுக் கேட்டில் ஒரு பிடி முருங்கைக்கீரை இருந்தது. இப்போது அந்தக் குவார்ட்டர்ஸில் சத்யப்பிரியா என்ற பெண் இருக்கிறாள். அனல்மின் நிலையத்தில் வேலை. பாதி மரம் அடுத்த வீட்டு அம்சவல்லி பக்கம் சாய்ந்திருந்ததால், பறிக்கவோ எரு போடவோ கண்ணையன் அந்தப் பெண்ணின் கேட்டைத் தொட வேண்டி வரவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, அம்சவல்லி மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கிசுகிசுத்தாள்.

"கண்ணையா, மரத்துக்கு நாள் குறிச்சாச்சு. கொடியில காயப்போட்ட யூனிபார்ம்ல கம்பளிப்பூச்சி விழுந்து அந்தப் பொண்ணுக்குக் கை வீங்கிப் போச்சு. வெட்டறதுக்கு ஆளு இப்ப வரான். போயி பெல்ல அடி."

சத்யப்பிரியாவின் வாசலில் பூட்ஸ் கிடந்தது. பேப்பர் எடுக்கப்படவில்லை.

"தூங்கிக்கினு இருக்காங்களே."

"மரம் போனா வருமா? அடிய்யா."

"மாட்டேன்."

"அப்ப மரத்துக்கும் ஒரு தாலாட்டு பாடிட்டுப் போ."

கண்ணையன் போகவில்லை. வண்டியை மதிலோரம் நிறுத்திவிட்டு அந்தக் கேட்டுக்கு முன்னாலேயே குந்தினான். கூடையில் இருந்த கீரை வாட ஆரம்பித்தது. ஈரத்துணியைப் போட்டு மூடினான்.

பத்தரைக்கு மரம் வெட்டும் தமிழ்மாறன் அறுக்கிற மிஷினோடு வந்து இறங்கினான். அவன் தள்ளியதும் கேட்டு கிறீச்சென்றது. கண்ணையனுக்குப் பல் கூசியது. எழுந்து கேட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மிஷின கீழ வை தம்பி."

"அவங்கதாண்ணே காலையில வரச் சொன்னாங்க."

"நைட் ஷிப்ட்காரங்களுக்குக் காலையிலன்னா சாயங்காலம் மூணு மணிடா."

தமிழ்மாறன் சிரித்துவிட்டான். கண்ணையன் கூடையிலிருந்து ஒரு பப்பாளியை எடுத்துப் பிளந்து பாதியை நீட்டினான். அவனும் பக்கத்தில் குந்திவிட்டான். மதிலுக்கு மேலிருந்து அம்சவல்லி கேட்டாள்:

"நீ காப்பாத்தறது தூக்கத்தையா, மரத்தையா?"

"ரெண்டும் ஒரே வூட்லதான இருக்குது."

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. சத்யப்பிரியா கலைந்த தலையோடு நின்றாள். வாசலில் இரண்டு ஆண்கள், சுற்றிலும் பப்பாளி விதை.

"யாரு நீங்க?"

"காய்கறிக்காரன்மா."

"இந்தத் தெருவுக்குக் காய்கறியே வராதே. ஆறு மாசமா இருக்கேன், ஒரு குரல்கூடக் கேட்டதில்ல."

அம்சவல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தெனம் வரான்மா. நீ தூங்கறன்னுதான் அவன் வாயத் தொறக்கறதில்ல. பெல்ல அடிக்க மாட்டேன்னு காலையிலேருந்து இங்கியே குந்திக்கினு இருக்கான்."

அந்தப் பெண் முழங்கை வரை தடித்திருந்த கையைக் காட்டினாள். கண்ணையன் குனிந்து பார்த்தான்.

"வாஸ்தவந்தாம்மா. மழை விட்டா அந்தப் பூச்சி அப்பிக்கும். கொடி மேல வர கெளைய மட்டும் கழிச்சிடலாம். கொடிய முன்பக்கம் மாத்திக் கட்டறேன். பூச்சிக்கு சோப்புத் தண்ணி நான் அடிக்கறேன். இந்த மரத்துக் கீரை பதினோரு வூட்டுக்குப் போவுது. வேணாம்னா சொல்லுங்க, வெட்டட்டும்."

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ பூச்சி விழுந்தா அடியோட வெட்டிடுவேன்."

"அன்னிக்கி நானே கயிறு புடிக்கறேன்."

கிளை இறங்கியது. முருங்கை மெத்து மரம். கைரம்பமே போதும் என்று தமிழ்மாறன் மிஷினை எடுக்கவில்லை. கண்ணையன் கொடியை மாற்றிக் கட்டினான். பூச்சி அப்பியிருந்த அடிமரத்தில் பக்கெட் பக்கெட்டாகச் சோப்புத் தண்ணீர் அடித்தான். முடிந்தபோது ஐந்து மணி. அந்தப் பெண் இரவு ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

வெளியே வந்து கேட்டைச் சாத்தினான். கிறீச்சென்றது. சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்தான். மேல் கீலுக்கு இரண்டு சொட்டு, கீழ்க் கீலுக்கு இரண்டு சொட்டு. திறந்தான், சாத்தினான். இன்னொரு தரம் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே சாத்தினான்.