ஸஹாப்தீன் நானாவின் விரல்

கிண்ணியாவில் நல்ல பூட்டு வேண்டுமென்றால் ஸஹாப்தீன் நானாவின் கடைக்குத்தான் போக வேண்டும். சீமெந்து, தகரம், ஆணி, பெயின்ற் என்று எல்லாமே விற்கிறவர்தான் என்றாலும் பூட்டைப் பற்றிப் பேசும்போதுதான் அவருக்கு முகம் மலரும். "இதப் போட்டீங்கெண்டா செஞ்ச கம்பெனிக்காரன் வந்தாலும் திறக்க ஏலாது" என்பார். 'ஏலாது' என்ற சொல் அவருடைய வாயிலிருந்து வருவது அந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

மற்றபடி யார் எதைக் கேட்டாலும் "ஓம்". ஏணி கேட்டாலும் ஓம், கல்யாணத்துக்குக் கதிரை கேட்டாலும் ஓம். தங்கமான மனிதன் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை அவர் பெருநாள் சட்டையைப் போல மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். ஊரும் சும்மா கொடுக்கவில்லை, பெயரைக் கொடுத்துவிட்டு அவருடைய காரை எடுத்துக்கொண்டது.

கார் என்றால் வெள்ளை நிற ஜப்பான் கார். ஏழெட்டு வருடம் யாரோ ஓடிக் களைத்தபின் இவரிடம் வந்தது. அதன் சாவி வீட்டு முன்மண்டபத்துச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஸலாம் சொல்லி, சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். சிலர் நானா வீட்டில் இல்லாதபோது சுவரிடமே சொல்லிவிட்டு எடுப்பதும் உண்டு. பெற்றோல் ஊற்றுவது மட்டும் கார் யாருடையதோ அவருடைய பொறுப்பு. அது நியாயம்தானே.

அவருடைய மனைவி றுக்கியா குச்சவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். விடியச் சுபஹு தொழுத கையோடு புறப்பட்டு, பாலத்தைக் கடந்து ரவுணுக்கு, அதாவது பட்டணத்துக்கு, ஒரு பஸ், அங்கிருந்து கரையோர வீதியால் இன்னொரு பஸ். பின்னேரம் அதே இடிநெரிசல் திரும்பவும். நாலு வருடத்துக்கு முன் கார் ஓடப் பழகி, முதல் தடவையிலேயே லைசன்ஸ் எடுத்துவிட்டாள். அது அலுமாரிக்குள் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

"நாளைக்கு நான் காரக் கொண்டு போகட்டா?" என்று அவள் மாதத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள்.

"பிறகு பாப்பம் றுக்கியா. நாளைக்கு றம்ஸானுக்குத் தாறெனெண்டு சொல்லிப்போட்டன்" என்பார் நானா. றம்ஸான் அடுத்த வளவுக்காரர், அவருக்கு ரவுணில் எப்போதும் ஏதாவது அலுவல் இருக்கும். றம்ஸான் கேட்காத நாளில் பாலத்தில் லொறிகள் கண்மண் தெரியாமல் வரும், அல்லது மழை வரும்போல இருக்கும். மனைவிக்கு ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை என்பதில் நானாவுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை, றுக்கியாவின் தம்பி நௌபர் காரைக் கொண்டுபோய்க் கிளிவெட்டியிலிருந்து இரண்டு ஆடுகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"மச்சான், சீட் பெல்ட்ட ஆடு கடிச்சிட்டு" என்றான், சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே. "ஆனா பயப்பிடாதீங்க, ஆட்டுக்கு ஒண்டுமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரித்தார் நானா. அன்றைக்குப் பின்சீட்டைக் கழுவியது றுக்கியா. பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிய நானா கடிபட்ட பெல்ட்டைத் தடவிப் பார்த்தார். இனி இந்தக் கார் வெளியே போகக் கூடாது, ஆனால் தன் நல்ல பெயரிலும் ஒரு கீறல் விழக் கூடாது. இரண்டும் எப்படி நடக்கும் என்று யோசித்தவருக்கு ஒரு வழி தெரிந்தது. இல்லையென்று சொல்ல மனிதனால் முடியாவிட்டால் மெஷினைச் சொல்ல வைக்க வேண்டியதுதான்.

ரவுணில், துறைமுகத்துக்குப் போகிற வீதியில், சுகிர்தன் என்பவர் வாகனங்களுக்கு வயர் வேலை செய்கிற கராஜ் வைத்திருந்தார். வாய்ப்பேச்சுக்காரர். நானா சொல்லி முடிக்குமுன்னே அவருக்கு நோய் விளங்கிவிட்டது.

"சாவி எண்டதே பழைய கதை நானா. சாவித் துவாரத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஒரு பட்டன் போடுவம். பட்டன் உங்கட விரலை வாசிக்கும். வேற ஆர் வந்து அமத்தினாலும் அது செத்த மாதிரிக் கிடக்கும். கள்ளன் வந்தாலும் கிடக்கும்."

"கள்ளன் பரவாயில்ல" என்றார் நானா. "சொந்தக்காரன் வந்தா?"

"சொந்தக்காரன் வந்தாலும் கிடக்கும்."

நானா அந்த இடத்திலேயே வேலையை ஒப்புக்கொடுத்தார். பின்னேரம் வேலை முடிந்ததும் சுகிர்தன் அவருடைய வலது கை ஆட்காட்டி விரலைப் பட்டனில் வைத்துப் பதிந்தார். "இதில ஐம்பது விரல் வரைக்கும் பதியலாம் நானா. வீட்டில மெடமும் கார் ஓடுவாவோ? அவவின்ர விரலையும் போடுவமோ?"

"ஓடுவா. அது பிறகு பாப்பம்" என்றார் நானா.

முதல் கிழமை, ஏழு நாளும், சொர்க்கம். ஆணியில் சாவி இல்லாததைக் கண்டு வந்தவர்கள் திகைத்தார்கள். நானா தன் ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டிப் பெருமூச்சு விட்டார். "நான் என்ன செய்யிற? மெஷின் கேக்குதில்லையே. எனக்கெண்டா தர ஆசைதான்." எல்லோரும் மெஷினைத் திட்டிவிட்டு, நானாவுக்காகப் பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்கள். பெயருக்குக் கீறல் இல்லை, காரும் வளவுக்குள். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு நானா ஒரு கோப்பை பிளேன்ரீ கூடுதலாகக் குடித்தார்.

இரண்டாம் கிழமை ஊருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. விரல் தனியாக வராதுதான், ஆனால் ஆளோடு வருமே. "நானா, நீங்களே வந்து ஒருக்கா விட்டிட்டு வாங்களன்." நானாவுக்கு இதற்கும் ஓமைத் தவிர வேறு பதில் வரவில்லை. முன்பு கார் மட்டும் போனது, இப்போது நானாவும் போனார். கடையில் பூட்டு வாங்க வந்தவர்கள் கடையே பூட்டிக் கிடப்பதைக் கண்டு திரும்பினார்கள். எதிர்வீட்டுச் சித்தி பரீதாவைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், அவர் மருந்தெடுத்து, அப்படியே மூன்று சொந்தக்காரரைச் சுகம் விசாரித்து முடியும்வரை நானா காருக்குள் வியர்த்துக்கொண்டு இருந்தார்.

அதற்கும் மேலே போனவன் நௌபர்தான். "மச்சான், நீங்க ஏன் கஸ்டப்படுறீங்க? நீங்க ஸ்டார்ட் பண்ணி மட்டும் தாங்க. நாங்க நிப்பாட்டாம ஓடிட்டு வாறம்" என்றான். அப்படியே செய்தான். ரவுணில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை கார் இரைந்துகொண்டே நின்றது. அது அணைந்துவிடாமல் பார்க்க ஒருவன் காருக்குள் இருந்ததால், நௌபர் இருந்த சஹனில், ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டில், ஐந்து பேர்தான் சாப்பிட்டார்களாம். அந்தத் தியாகத்தை அவன் வந்து உருக்கமாகச் சொன்னான்.

அன்றைக்கு றுக்கியா கேட்டாள். "நீங்க கடையப் பூட்டிட்டு அலையத் தேவையில்லயே. என்ட விரலையும் பதிஞ்சா நான் காலமை கொண்டு போயிடுவன். கார் வளவுக்க இல்லாட்டி ஆரும் கேக்கவும் மாட்டாங்க."

கணக்கு டீச்சர் சொன்ன கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நானாவும் அதை மனதுக்குள் ஒத்துக்கொண்டார். ஆனால் காரை மனைவிக்குக் கொடுத்துவிட்டார் என்று ஊர் கதைக்காதா? "பிறகு உன்ன வந்து கேப்பாங்க றுக்கியா. நீ பொம்பிள, முகத்துக்கு நேரே இல்லையெண்டு சொல்ல உனக்கு ஏலுமா?" என்று கேட்டார். றுக்கியா பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தப் போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் கடையில் கூரைத் தகரம் இறக்கிய நானாவின் ஆட்காட்டி விரலைத் தகரம் பிளந்தது. ஆஸ்பத்திரியில் தைத்து, விரலை மொத்தமாகச் சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். செய்தி பரவியதும் ஊரே திரண்டு வந்தது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "எந்த விரல்?" என்பதைத்தான். "அந்த விரலா!" என்று றம்ஸான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சித்தி பரீதா இரண்டு கையையும் ஏந்தி அந்த விரலுக்கு மட்டும் துஆக் கேட்டார். விரலுக்குச் சொந்தக்காரன் ஒருவன் கதிரையில் வலியோடு இருப்பது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

இடது கையில் ஒரு விரலைப் பதிந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நௌபர் விடவில்லை. "ஒரு மனிசன நம்பி ஒரு கார் இருக்கப்படா மச்சான். பாருங்க, அவசரத்துக்கு இப்ப ஊரே தவிக்குது. ஐம்பது பேரப் பதியலாமெண்டா ஏன் சும்மா விடுவான்?" இருந்த எல்லோரும் அது நல்ல யோசனை என்றார்கள். நானா வாயைத் திறந்தார். "ஓம்" என்று வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் சுகிர்தன் தன் கருவிப்பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நானா வீட்டு முற்றத்தில் விரல் கழுவி வந்தவர்களின் வரிசை கேற்றுவரை நின்றது. கழுவியும் சீமெந்து போகாத விரலோடு ஒரு மேசனும், கார் ஓடவே தெரியாத இருவரும் நின்றார்கள். சித்தி பரீதாகூட, எதற்கும் இருக்கட்டும் என்று வரிசையில் நின்றார். முதல் ஆளாக நௌபர் காருக்குள் ஏறி இருந்தான். நானா பக்கத்தில் நின்று, கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி, வருகிறவர்களை வரவேற்றார்.

அப்போது றுக்கியா பஸ்ஸால் இறங்கி வந்தாள். கேற்றடியில் நின்று வரிசையைப் பார்த்தாள். என்னவென்று கேட்டாள், சொன்னார்கள். தோளில் பையோடு, சோக்குத் தூள் ஒட்டிய கையோடு, தன் வீட்டு முற்றத்தில், தன் புருசனின் காருக்காக, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"ராத்தா, நீ என்னத்துக்கு லைன்ல?" என்று நௌபர் காருக்குள்ளிருந்து சிரித்தான்.

"எனக்கும் லைசன்ஸ் இரிக்கி" என்றாள்.

சுகிர்தன் தலையை நிமிர்த்தினார். "இவதானோ நானா மெடம்? அண்டைக்கே போடுவமோ எண்டு கேட்டனான். நீங்கள்தான் பிறகெண்டு சொன்னியள்."

நானா றுக்கியாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, பிறகு பார்த்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் ஏசவில்லை. "பரவாயில்ல, எனக்கு முன்னால நிக்கிறவங்கட முடியட்டும்" என்றாள்.

நானா தூக்கிப் பிடித்திருந்த விரலைக் கீழே இறக்கினார். முற்றம் முழுவதும் கேட்க, அவருடைய வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தது.

"ஏலாது!"

ஒருவரும் திடுக்கிடவில்லை. "அதான் சரி மச்சான்" என்றான் நௌபர். "பொம்பிளயள் அந்தப் பாலத்தால ஓடுறது லேசில்ல." றம்ஸான் தலையாட்டினார். வரிசை அரை அடி முன்னுக்கு நகர்ந்தது. றுக்கியாவும் திடுக்கிடவில்லை. பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வரிசையிலிருந்து விலகி, "சரி, உள்ளுக்கு வாங்க, சோறு போட்டுத் தாறன்" என்று நானாவிடம் சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் நடந்தாள்.

ஸஹாப்தீன் நானா தன் வாழ்நாளில் முதல் தடவையாக மனிதர்களைப் பார்த்து இல்லையென்று சொல்லியிருக்கிறார். அது யாருக்கு என்று அந்த முற்றத்தில் ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. மனைவிக்கு ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை என்று தான் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாலு வருடமாக அவளுக்கு அதை மட்டும்தான் சொல்லி வந்திருக்கிறார்.

"றுக்கியா, நில்லு. உனக்கில்ல" என்றார். வரிசையின் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் சொன்னனான். ஏலாது."

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நௌபர், தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"உனக்கும்தான் நௌபர். இறங்கு."

அவன் இறங்கினான். றம்ஸான் ஸலாம் சொல்லாமலே போனார். மனிதன் மாறிவிட்டான் என்று கேற்றடியில் யாரோ சொன்னது நானாவுக்குக் கேட்டது. றுக்கியா குசினி வாசலிலேயே நின்றாள். அவர் கிட்டப் போய்க் கூப்பிட்டபிறகும் உடனே அவள் அசையவில்லை.

"நாளைக்குக் காலமை ஆராவது வந்து கேட்டா?" என்றாள்.

"கார் இருக்காதே" என்றார் நானா. "நீ கொண்டு போயிருப்பாய்."

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து காருக்குள் ஏறினாள். சுகிர்தன் பட்டனில் அவளுடைய விரலை வைக்கச் சொன்னார்.