ஒரு கை நீளமான ஜாக்கெட்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இன்று, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். மறைந்தவர்களைப் பற்றி நல்லதையே எழுத வேண்டும் என்பார்கள். அக்காவிடம் நல்லவை ஏராளம். அவற்றுக்குப் போகுமுன் உங்களில் பலர் மரியாதைக்காக வாய்விட்டுச் சொல்லாத ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குத் தைக்க வராது.

காரமடைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் பிறந்தவர் அக்கா. எங்கள் தாயார் காலமானபோது அவர் உயர்நிலைப் பள்ளியில் இருந்தார். நான் அரிச்சுவடியில் இருந்தேன். படிப்பை நிறுத்திவிட்டு என்னை வளர்த்தார். என் பள்ளிக்கூடக் கால்சட்டைகளையும் அவரே தைத்தார். ஒவ்வொன்றிலும் நான் போக இன்னொரு பையன் குடியிருக்க இடம் இருக்கும். "வளர்ற பையன், சரியாப் போயிரும் கண்ணு" என்பார். உயரத்தில் நான் அவரை ஏமாற்றிவிட்டேன். அகலத்தில் மட்டும் அக்காவின் எதிர்பார்ப்பைப் பிற்காலத்தில் நிறைவேற்றிக் கொடுத்தேன்.

பொள்ளாச்சிக்கு வாழ்க்கைப்பட்டபோது தையல் மெஷினும் சீரோடு சேர்ந்து போனது. அக்காவின் கணவரான எங்கள் மாமாவுக்குத் தேங்காய் ஏற்றும் டெம்போ ஒன்று இருந்தது. காய்ப்பு இல்லாத வருடங்களில் டெம்போ சும்மா நிற்கும். அப்போதெல்லாம் அந்த மெஷின்தான் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. தலையணை உறை, திரைச்சீலை, துணிப்பை என்று நேர்க்கோட்டில் போகும் எதையும் அக்கா அருமையாகத் தைப்பார். மனித உடம்பில் நேர்க்கோடு கிடையாது என்பதுதான் சிக்கல்.

கஜா புயல் அடித்து ஓய்ந்த வாரம். டெல்டாப் பக்கத்துத் தோப்புகள் தரையோடு தரையாகக் கிடந்ததை டிவியில் பார்த்த அக்கா, சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"ஏனுங்க, அத்தன தென்ன உழுந்து கெடக்குது. ஒரு வார்த்த கேக்கப் போவேண்டாமுங்களா?" என்றார் மாமாவிடம்.

துக்க வீட்டுக்குப் போய் வருவதை எங்கள் பக்கம் 'கேட்கப் போவது' என்போம். தென்னையால் சோறு தின்னும் வீடு, தென்னை விழுந்த ஊரைக் கேட்கப் போகாமல் இருக்க முடியுமா என்பது அக்காவின் நியாயம். அரிசி ஏறியது, தார்ப்பாய் ஏறியது, சேலை மூட்டைகள் ஏறின. பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்குப் புயல் அடித்த ஊரில் என்ன வேலை என்று யாரும் கேட்காததால் நானும் ஏறினேன். கடைசியாக மெஷின் ஏறியது.

"அது எதுக்கு அம்மணி?" என்றார் மாமா.

"சேலையத்தான் எல்லாருங் குடுப்பாங்க. ஜாக்கெட்ட ஆரு குடுப்பாங்க? அது அவங்கவங்க அளவுல்லங்க."

திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஊரே தங்கியிருந்தது. சாப்பாட்டு வரிசையில் ஆண்கள் மட்டும் நின்றார்கள். அக்கா சொன்னது சரிதான். பெண்களுக்குச் சேலை வந்து குவிந்திருந்தது; மாற்று ஜாக்கெட் இல்லை. கணவர்மாரின் சட்டைமேல் சேலை சுற்றிக்கொண்டு, வெளியூர்க்காரர்கள் முன்னால் வரக் கூசி, வகுப்பறைக்குள்ளேயே இருந்தார்கள். அவர்களில் மல்லிகா என்பவர் வீடும் தோப்பும் போன நாளிலிருந்து யாரோடும் பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஊட்டுனா வாங்கிக்குது. வாயத் தொறந்து ஒரு வார்த்த இல்லைங்க. இப்படியே போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார் அவர் கணவர்.

அக்கா வகுப்பறைக்குள் மெஷினைப் போட்டு, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர்போல "வாங்க, வாங்க" என்று ஒவ்வொருவரையும் அழைத்து அளவெடுத்தார். வராந்தாவில் கொக்கி தைக்கும் பொறுப்பு எனக்கு. நான் தைத்த கொக்கிகளில் எதுவும் தன் ஜோடியைச் சந்திக்கவில்லை.

தைத்ததை வாங்கிய பெண்கள் எல்லோரும் "நல்லாருக்குக்கா" என்றார்கள். வந்த ரொட்டிக்கும் போர்வைக்கும் ஜோடியில்லாத செருப்புக்கும் அதையே சொல்லிப் பழகியிருந்தார்கள். கும்பிட்டு வாங்கிய பொருளில் குறை சொல்வது எப்படி?

மல்லிகாவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே அளவெடுத்து ஊதா நிறத்தில் ஒரு ஜாக்கெட் தயாரானது. பெண்கள் போட்டுவிட்டார்கள். அவர் இடக்கையைப் பார்த்தார். வலக்கையைப் பார்த்தார். எழுந்து நேராக மெஷின் அருகே வந்தார்.

"யாருக்கா இதத் தைச்சது? ஒரு கை முழங்கையத் தொடுது, ஒரு கை தோள்லயே நின்னுபோச்சு."

அக்கா நிஜமாகவே குழம்பிப்போய், "ரண்டும் ஒரே அளவாத்தானுங்க வெட்டுனேன். உங்குளுக்கு ஒரு கை நீளமோ என்னமோ" என்றார்.

"நல்லாருக்கே கதை. உங்களுக்குத் தைக்கத் தெரியலன்னா நான் கையையா வெட்டிக்கிறது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அறையே சிரித்தது. "எனக்குங் கழுத்து தொங்குதுக்கா." "எனக்கு மூச்சு முட்டுது." "கொக்கி வச்சது யாரு, அந்த ஆள மொதல்ல உள்ள கூப்புடு."

"குடுங்க குடுங்க, பிரிச்சுத் தெச்சுக் குடுத்துப்போடறேன்" என்று அக்கா இரு கைகளாலும் வாங்கி வாங்கிப் போட்டார். மல்லிகாவின் கணவர் வராந்தாப் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது அழுகையாலா சிரிப்பாலா என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை. அன்று மதியம் பெண்கள் வரிசைக்கு வந்தார்கள். சாம்பாரில் உப்பு இல்லை என்றார்கள்.

இனாம் வாங்கியவர்களை வாடிக்கைக்காரர்களாக மாற்றியதை அக்கா தெரிந்துதான் செய்தாரா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். "போடா, நான் நல்லாத்தான் தெச்சேன்" என்பதே கடைசிவரை பதில்.

மல்லிகா மட்டும் ஜாக்கெட்டைத் திருப்பித் தரவில்லை. "அடுத்த தடவ வந்து சரி பண்ணிக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அதன்பின் வருடந்தோறும் அக்காவும் மாமாவும் டெம்போவில் தென்னங்கன்றுகளோடு அந்த ஊருக்குப் போனார்கள். கன்றுகள் மரமாயின. கை அப்படியே இருந்தது. "சரி பண்ணிட்டா அப்புறம் எதுக்கு வருவீங்க?" என்று மல்லிகா கேட்டதாக அக்கா பெருமையோடு சொல்வார்.

கடைசி நாட்களில், கோவை ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பச்சை அங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கிட்டே அழைத்தார். முக்கியமாக ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன். "ஆரு தெச்சதுன்னு தெரீல கண்ணு. என்னையவிட மோசம்" என்றார். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும், மாமாவைத் தனியே விடாத தேங்காய் மண்டி நண்பர்களுக்கும் நன்றி. இரவெல்லாம் பஸ்ஸில் வந்து சேர்ந்த மல்லிகாவுக்கும் அவர் கணவருக்கும் நன்றி. மல்லிகா அந்த ஊதா ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். எங்கள் சொந்தத்தில் ஒரு அம்மணி அழுகைக்கு நடுவிலும் கைகளைக் கவனித்துவிட்டு, "ஆருங்க இதத் தெச்சது?" என்று கேட்டார்.

"எங்கக்கா" என்றார் மல்லிகா.

இந்த மலரை எழுதியதும் அக்கா வளர்த்த கைதான். நீளம் கூடக் குறைய இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
தம்பி