அண்ணி அரைத்த பல்பொடி

என் மகளின் பல்கூச்சம் முற்றியது அண்ணி கொடுத்த பொடியாலா, அல்லது அது இல்லாமலும் முற்றியிருக்குமா? ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

அண்ணி என் கணவரின் அக்காள். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். என் கணவருக்கு ஜூஜுவாடி சோதனைச் சாவடியில் வேலை. வீட்டில் இருப்பதைவிட அங்கே இருப்பதுதான் அதிகம். ஓசூரில் நானும் மகளும் தனியாக இருக்கிறோமே என்று அண்ணி வந்து தங்கினார். மகளுக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்திருந்த சமயம். காலையில் தண்ணீரை வாயில் விட்டதும் கன்னத்தைப் பொத்திக்கொள்வாள். இந்தப் பல் போனால் இன்னொன்று முளைக்காதே என்ற பயம் என்னை விடவில்லை.

அண்ணி கருவேலம்பட்டை, கடுக்காய், கிராம்பு எல்லாம் வாங்கிவந்தார். இன்னொரு சிறு பொட்டலத்தில் என்ன என்று கேட்டேன். "கைமருந்து புள்ள. பேரு சொன்னா பலிக்காது" என்றார். எங்கள் பக்கத்தில் பலரும் சொல்வதுதான். பள்ளி இறுதிவரை படித்த எனக்கு அது சரியாகப் படவில்லை. மூத்தவரிடம் எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை.

அரைத்த பொடியைத் தேய்க்கத் தொடங்கியதும் முதலில் கூச்சம் குறைந்தாற்போல் இருந்தது. பிறகு சூடான சோற்றுக்கும் அழுதாள். அண்ணி குளிக்கப் போன நேரத்தில் பொடியை முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன். துவர்ப்பு, கிராம்பின் காரம், கடைசியில் நறநறப்பு. விளக்குக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள். பெயர் சொல்லாத பொருள் செங்கல்தூள்தான் என்று தீர்மானித்துக்கொண்டு கேட்டேவிட்டேன்.

அண்ணி சிரித்தார். "செங்கல்லக் குடுக்க நான் என்ன சூளையிலயா பொறந்தேன்? அம்மி கொத்துனமே, அந்தக் கல்லா இருக்கும்."

வழவழத்துப்போன எங்கள் அம்மியை, தெருவில் வந்த கல்கொத்துகிறவரைக் கூப்பிட்டு அண்ணிதான் கொத்தவைத்தார். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் தவிட்டை அரைத்து, கல்தூளோடு வழித்துக் கொட்டிவிடுவது வழக்கம். அண்ணி தவிட்டுக்குப் பதில் மருந்துப்பட்டையை அரைத்திருக்கிறார்.

"அம்மியும் பழகும், மருந்தும் ஆகும்னு பாத்தேன். வேட்டித்துணியில சலிச்சனே, கல்லு எப்பிடி நிக்கும்?"

"சட்னிக்கு ஆகாத கல்லு புள்ள பல்லுக்கு ஆகுமா அண்ணி?"

"தின்னாத்தான வயித்துக்குக் கெடுதி? இது தேய்ச்சுத் துப்புறது, டீச்சரம்மா."

நான் டீச்சர் இல்லை. படித்தவள் என்று குத்திக்காட்டும்போது அப்படித்தான் கூப்பிடுவார். பொடியைச் சாக்கடையில் கொட்டினேன். அண்ணி மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரி டாக்டர், பல்லின் மேற்பூச்சு தேய்ந்திருக்கலாம், இயல்பிலேயே மெலிந்தும் இருக்கலாம் என்றார். உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளிக்கிறாள். கூச்சம் பாதி போய், பாதி நிற்கிறது.

போன வாரம் பஸ் கண்டக்டர் கையில் அண்ணியிடமிருந்து ஒரு டப்பா வந்தது. புதுப்பொடி. இந்த முறை பழைய கல்லில் அரைத்ததாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். விரலில் நெருடவில்லை. ஆனாலும் வேட்டித்துணிக்குப் பதில் பட்டுத்துணியில் இன்னும் நைசாகச் சலித்திருந்தால், கல் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? கணவர் "அக்கா மனசு நோகும், கொடு" என்கிறார். மகளோ, அத்தை அனுப்பியது என்று கையை நீட்டுகிறாள்.

இதைப் படிக்கும் தாய்மார்களே, ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட பொடி தேய்த்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? நல்லது நடந்திருந்தாலும் கெடுதி நடந்திருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். கொடுக்க வேண்டாம் என்றால், அண்ணி மறுபடி எங்கள் வீட்டுப் படி ஏறும்படியாக அதை எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.