மொழிபெயர்க்காமல் விட்ட கேள்வி

காரிமங்கலம் பக்கம் ஒரு பிரிவு அலுவலகத்தில் நான் உதவிப் பொறியாளராக இருந்தபோது, வெளிநாட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இரு நாடுகளும் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதாக ஓர் ஒப்பந்தம். விவசாயிகள் சோலாரில் மோட்டார் ஓட்டி, மிச்ச மின்சாரத்தை எங்கள் கம்பிக்குத் தரும் திட்டத்தைப் பார்க்க வேண்டுமாம். சென்னையிலிருந்து கூடவே ஓர் அதிகாரி. எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வாரம் முழுக்கக் காற்றும் மழையும். சாய்ந்த கம்பங்களை நிறுத்தும் வேலையிலேயே நான் ஓய்ந்துபோயிருந்தேன்.

ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் போனோம். தோட்டக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். விளைந்ததைப் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தானே டிராக்டரில் கொண்டுபோகிறவர். ஆட்கள் வருகிறார்கள் என்று காலையிலேயே சோலார் தகடுகளைத் துடைத்து வைத்திருந்தார். ஆனால் அவர் தரும் மின்சாரத்தை அளக்க வேண்டிய மீட்டர் மட்டும் இன்னும் வரவில்லை.

வந்தவர்களில் மூத்த பெண்மணி, மின்சாரம் தருவதில் ஏதாவது சிரமம் உண்டா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"எங்கீங்க மேடம் குடுக்கறது? மீட்டர் கேட்டு ஒன்றரை வருசமா நடக்கறேன். ஒவ்வொரு தடவையும் வேற ஒரு பாரம் எழுதிக் கேக்கறாங்க. இவங்க ஊர்லயும் இப்படித்தான் அலைய உடுவாங்களான்னு கேளுங்க."

சென்னை அதிகாரி என் பக்கம் சாய்ந்தார். "சின்னத் தாமதம்னு மட்டும் சொல்லுங்கம்மா. போதும்."

அப்படியே சொன்னேன். அந்தப் பெண்மணி நோட்டில் எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது தோட்டக்காரர் கேட்டார்: "நான் கேட்டத அப்படியே கேட்டீங்களா மேடம்?"

"கேட்டேங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

அதியமான்கோட்டை அருகே நெடுஞ்சாலை ஓட்டலில் மதியச் சாப்பாடு. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணியிடம், தோட்டக்காரர் சொன்னது அதுவல்ல என்று முழுவதையும் சொல்லிவிட்டேன். துணிச்சல் ஒன்றுமில்லை. மறைத்து வைத்திருக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். அதிகாரி இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கள் நாட்டிலும் இப்படித்தான் அலைந்தார்கள்" என்றார் பெண்மணி. "குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று விதி போட்டோம். அதைப் போடுவதற்கே எத்தனையோ வருடம் சண்டை."

பிறகு அவர்கள் அனுப்பிய அறிக்கையில் அந்த விதியைப் பரிந்துரைத்து ஒரு பத்தி இருந்தது. அதிகாரி போன் செய்து, "ரொம்பப் பேசிட்டீங்கம்மா" என்றார். அதற்கு மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. பரிந்துரை இன்றும் பரிசீலனையில் இருக்கிறது.

தோட்டக்காரருக்கு மீட்டர் வந்தது. அவருடைய பாரங்களை நானே நான்கு முறை தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பொருத்திய அன்று அவரிடம், "அன்னைக்கு இங்க வச்சு முழுசா சொல்லலீங்க. அப்பறம்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியுங்க மேடம். நான் அவ்வளவு நேரம் பேசினேன். நீங்க ரெண்டு வார்த்தைல முடிச்சிட்டீங்களே."

கோபம் இல்லாமல்தான் சொன்னார். பிறகு, பக்கத்துக் காட்டுக்காரரும் மீட்டருக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொல்லி, மடித்த தாள் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.