ஓவர்க்ளாக் செய்த காதுகுத்து

போன வாரம் ஒரு காலையில் பாலு போன் பண்ணினான். பாலு என் சித்தி மகன். ஆண்டிமடத்தில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான்.

"அண்ணே, ஒடனே கெளம்பி வாங்கண்ணே. ஒரு காதுகுத்து வீடியோ ஓப்பனே ஆவ மாட்டேங்குது."

"அதுக்கு நான் எதுக்குடா? அங்க மெக்கானிக்கே இல்லையா?"

"பார்ட்டி வந்து உக்காந்திருக்காங்கண்ணே... எந்திரிச்சுப் போவ மாட்டேங்கறாங்க."

குரல் சரியில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பெரம்பலூரில் ஏறி அரியலூர், அங்கே மாறி ஜெயங்கொண்டம், அங்கே மாறி ஆண்டிமடம். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். பஸ் அவற்றின் பின்னாலேயே ஊர்ந்தது. டிரைவரை, ரோட்டை, பாலுவை எல்லாரையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

அந்த வீடியோ கிடக்கிற கம்ப்யூட்டரின் ஜாதகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் மாசியில் பாலு பெரம்பலூர் வந்திருந்தான். பழைய கம்ப்யூட்டரில் ஒரு கல்யாண வீடியோ தயாராகி வருவதற்குள் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடுகிறது என்று புலம்பினான். புதிதாக ஒன்று அசெம்பிள் பண்ண வேண்டும். ஓவர்க்ளாக் பண்ண வேண்டும். ஆனால் பட்ஜெட்டுக்குள் இருக்க வேண்டும்!

ஓவர்க்ளாக் என்றால் வேறொன்றுமில்லை. கம்பெனிக்காரன் இந்த வேகத்தில் ஓட்டு என்று சொல்லித் தருகிற சாமானை, அதைவிடக் கூடுதல் வேகத்தில் விரட்டுவது. தாங்குகிற சாமான் இருந்தால் தப்பில்லை. தாங்குவதும் தாங்காததும் பெரும்பாலும் மதர்போர்டு கையில் இருக்கிறது. கம்ப்யூட்டரின் மூளைக்கும் மெமரிக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதானே?

கடையில் இரண்டு போர்டு எடுத்து வைத்தார்கள். இரண்டுமே மலிவு ரகம்தான். ஒன்றில் கரண்டைப் பிரிக்கிற பகுதியின் மேல் கனமான அலுமினியக் கட்டி உட்கார்ந்திருந்தது, சூட்டை இழுத்துக்கொள்ள. இன்னொன்றில் அந்த இடம் மொட்டையாக இருந்தது. அட்டைப்பெட்டியில் மட்டும் நெருப்பு கக்குகிற சிங்கம்.

"கட்டி வச்சத எடுடா. ஆண்டிமடம் வெயிலு, தகரக் கூரை... மொட்டை போர்டு எப்படிடா தாங்கும்?" என்றேன்.

பாலு சிங்கத்தை எடுத்தான். மிச்சம் பிடித்ததில் கண்ணாடி வைத்த கேபினெட்டும், கலர் கலராக எரிகிற ஃபேன்களும் வாங்கினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டா, வெளக்கா எடிட்டிங் பண்ணப் போவுது?"

"அண்ணே, பார்ட்டி கடைக்குள்ள வந்தா மொதல்ல எதப் பாப்பாங்க? போர்டையா பாப்பாங்க? இந்த வெளக்கு எரிஞ்சாத்தான் பெரிய ஸ்டூடியோன்னு ஆர்டர் குடுப்பாங்க."

அவன் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் ஸ்டூடியோவை அப்படித்தான் எடை போடுவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ஆண்டிமடத்தில் இறங்கி ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால், விளக்குகள் ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. பாலு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண். முப்பது வயசு இருக்கலாம். பெயர் செல்வி. உடையார்பாளையம் பக்கம் ஒரு கிராமம்.

பங்குனியில் செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவோம்? செல்விக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒருத்தன், முருகேசன். அவன் மடியில்தான் குழந்தை உட்கார்ந்தது. வீடியோவை யாரும் உடனே கேட்கவில்லை. முந்திரிக்காட்டு வேலை முடியட்டும், மெதுவாக வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். காதுகுத்து வீடியோவுக்கு யார் அவசரப்படுவார்கள்?

ஆனியில் முருகேசன் பைக்கோடு ஒரு லாரிக்கு அடியில் போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்து இப்போதுதான் செல்வி வீடியோ கேட்டு வந்திருக்கிறாள். பாலு ஃபைல்களைத் திறந்திருக்கிறான். பாதி திறக்கவே இல்லை. திறந்ததில் படம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள். குரல் வர வேண்டிய இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம்.

நான் உட்கார்ந்து மெமரி டெஸ்ட்டை ஓட்டினேன். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே திரையில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு தப்பு. மேலும் மேலும் விழுந்தன.

"மெமரி வேகத்தையும் ஏத்தி வச்சியா?"

"ஆமாண்ணே. ஹேங்கே ஆவலண்ணே! நல்லாத்தான் ஓடுச்சு..."

ஹேங் ஆகி நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்து பிழைத்திருப்பானே! இந்த வியாதி அப்படி இல்லை. மொட்டை போர்டு, தகரக் கூரைக்கு அடியில் பங்குனி வெயில், அதற்கு மேல் கூடுதல் வேகம். மெமரி கொஞ்சம் கொஞ்சமாகத் தப்புப் பண்ணும். தப்பானதையே டிஸ்கில் ஒழுங்காக எழுதி வைக்கும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. வேகத்தைப் பழையபடி இறக்கிவிட்டு மறுபடி டெஸ்ட் ஓட்டினேன். ஒரு சிவப்புக்கோடுகூட இல்லை.

"கேமரா கார்டு எங்கடா?"

"அழிச்சாச்சுண்ணே." எனக்குத் தெரியாதா என்ன? முகூர்த்த சீசனில் இங்கே எல்லா ஸ்டூடியோவிலும் இதுதான் பழக்கம். கார்டைக் கம்ப்யூட்டரில் இறக்கு, முதல் நாலு செகண்டு ஓட்டிப் பார், கார்டை அழி, மறுநாள் கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடு. அந்தக் கார்டின் மேல் அதற்கப்புறம் எத்தனையோ கல்யாணங்கள் ஏறிவிட்டன. இனி எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் அதில் முருகேசன் இல்லை.

செல்வியிடம் யார் சொல்வது? பாலு என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"போட்டோ இருக்குதுங்க," என்றாள். "போட்டோவுல சிரிக்கிறான். அன்னிக்குப் புள்ள அழுவுது, இவன் அது காதுகிட்ட குனிஞ்சு ஏதோ சொல்றான், புள்ள டக்குனு நிறுத்திடுச்சு. என்னடா சொன்னன்னு கேட்டேன். அது எனக்கும் எம் மருமவளுக்கும் உள்ள ரகசியம்னுட்டான். சரி, வீடியோவுல கேட்டுக்கலாம்னு நானும் விட்டுட்டேன். புள்ளயக் கேட்டா, மறந்துபோச்சுங்குது... அதுக்கு மூணு வயசுதானங்க."

பாலு எழுந்து வெளியே போனான். வாசலில் நின்று மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அவனை அறையலாம் என்று வந்தவன் நான். அறைய மனசு வரவில்லை.

மிச்ச ஃபைல்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். கொடுமை என்னவென்றால், பந்தி மட்டும் பளிச்சென்று இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் பாயசம் குடிக்கிறார்கள். ஒருத்தர் அப்பளத்தை நொறுக்குகிறார். நடுவில் சாம்பார் வாளியோடு ஒருவன் கேமராவுக்கு முதுகு காட்டிக்கொண்டு போகிறான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க சார்!" செல்வி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "முருகேசன். அது முருகேசன்தான். தோள்ல கெடக்குதே துண்டு, நான் எடுத்துக் குடுத்தது."

முகம் தெரியவில்லை. இலைகளுக்கு நடுவில் நடந்துபோகிறான். "சித்தப்பா, இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். பந்தியின் இரைச்சலில் அதுவும் பாதிதான் காதில் விழுந்தது. அவள் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னாள். ஓட்டினேன்.

"இது போதுங்க. இத எம் போன்ல போட்டுக் குடுங்க."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு வார்த்தை. பட்ஜெட்டில் போர்டு வாங்குகிறீர்களா? தாராளமாக வாங்குங்கள். கலர் விளக்கை விட்டுவிட்டு, அந்த அலுமினியக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தை ஏற்றினால் சும்மா ஒரு ராத்திரி டெஸ்ட்டில் போட்டு வையுங்கள். அடுத்தவர் வீட்டு விசேஷத்தை அதில் இறக்கி டெஸ்ட் பண்ணாதீர்கள். முழுசாக ஓட்டிப் பார்க்காமல் கார்டை அழிக்காதீர்கள். பாலுவிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினான். இனி ஆட்டி என்ன?

போனை மாட்டி காப்பி போட்டோம். வேகம் இறக்கிய கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு நிதானமாக வேலை செய்தது. மூன்று பேரும் திரையில் நகர்கிற கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடிந்ததும் போனில் முழுசாக ஓட்டிப் பார்த்தோம். வாளி, துண்டு, முதுகு, அந்தக் குரல் எல்லாம் சரியாக இருந்தது.

செல்வி போனை முந்தானையில் துடைத்துப் பையில் வைத்தாள். வாசல் வரை போனவள் நின்றாள்.

"ஏன் தம்பி, அன்னிக்கும் இதே மாதிரி மெதுவாவே பண்ணியிருக்கலாமே? நாங்க யாரும் அவசரமா கேக்கலையே?"

பாலு போன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அடுத்து அவள் என்னைப் பார்த்தாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் அவசரமாகக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.